கிண்டி ஜாக்பாட்டும் அமெரிக்க டீசரும்: ஒரு "ஜஸ்ட் மிஸ்" வரலாறு

போன மாசம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். வழக்கம்போல அமெரிக்க கிளையண்ட்டோட கால். மத்தவங்க வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசுவோம் இல்லையா, அப்போ அந்தப்பக்கம் இருந்த மனுஷர் ரொம்ப சோகமா சொன்னார்: "நேத்து ஒரு டீசர் போச்சு. ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சு."

எனக்குத் தெரிஞ்ச டீசர் எல்லாம் பட டீசர்தான். சிரிச்சு சமாளிச்சுட்டு, கால் முடிஞ்சதும் ஆணி புடுங்குற வேலையை ஓரங்கட்டி வச்சுட்டு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட, இது எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு தோணுச்சு. கேட்ட இடம் எங்க வீட்டுத் திண்ணை. குரல் எங்க பெரியப்பாவோடது. "ஒத்தக் குதிரையில போச்சுடா தம்பி!"

சரி, முதல்ல டீசர்னா என்னன்னு பார்த்துடுவோம்.

அமெரிக்கால நடக்குற கால்பந்துல (அவங்க காலால உதைக்கிறது கம்மி, கையில தூக்கிட்டு ஓடுறதுதான் ஜாஸ்தி) பலமான அணியும் சோப்ளாங்கி அணியும் மோதினா, யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கட்டுறதுல சுவாரஸ்யம் இல்லை. எல்லாரும் பலமான அணி மேலதான் கட்டுவாங்க. அதனால "ஸ்ப்ரெட்"னு ஒண்ணு வந்துச்சு. 1940கள்ல சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல்ங்கிறவர் கண்டுபிடிச்சதா சொல்வாங்க. கணக்கு வாத்தியாரா இருந்தவராம். பலமான அணி சும்மா ஜெயிச்சா போதாது, இத்தனை பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிக்கணும். ஸ்ப்ரெட் எட்டரைன்னா ஒன்பது பாயிண்ட் வித்தியாசமாவது வேணும். 110 ரூபாய் கட்டினா 100 ரூபாய் லாபம். அந்த உபரி 10 ரூபாய்தான் புக்கியோட பொழப்பு. நூத்துக்கு 52.4 தடவை ஜெயிச்சாதான் நமக்கு நஷ்டம் இல்லாம இருக்கும்.

டீசர்ல புக்கி ரொம்ப நல்லவனாயிடுவான். "தம்பி, எட்டரை கஷ்டமா இருக்கா? ஆறு குறைச்சுக்கோ. ரெண்டரை வச்சுக்கோ, மூணு பாயிண்ட்ல ஜெயிச்சா போதும்" அப்படிம்பான். ஆனா ஒரு கண்டிஷன். ஒரு மேட்ச் மேல மட்டும் இப்படிக் கட்ட முடியாது, குறைஞ்சது ரெண்டு மேட்ச் சேர்த்துக் கட்டணும். ரெண்டும் ஜெயிக்கணும். ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு தோத்தா கட்டின பணம் கோவிந்தா.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த ஆட்டத்துல ஒரு டச் டவுனும் அதுக்குப் பின்னாடி வர்ற உதையும் சேர்ந்தா 7 பாயிண்ட், ஃபீல்டு கோல் 3 பாயிண்ட். அதனால நிறைய மேட்ச் சரியா 3 இல்ல 7 வித்தியாசத்துல முடியும். எட்டரையை ரெண்டரையாக்கினா 7, 3 ரெண்டையும் தாண்டிடுறோம். அதே மாதிரி ஒண்ணரை பாயிண்ட் சலுகையில இருக்குற சின்ன அணிக்கு ஏழரை வாங்கினாலும் ரெண்டையும் தாண்டிடலாம். ஸ்டான்ஃபோர்டு வாங்ங்கிற பேர்ல எழுதுற ஒருத்தர் 2001ல வந்த புத்தகத்துல இதை விளக்கமா எழுதினார். அப்புறம் என்ன, புக்கிகள் சும்மா இருப்பாங்களா? 100 ஜெயிக்க 110 கட்டினது 120 ஆச்சு, சில இடங்கள்ல அதுக்கும் மேல போச்சு. 110 கட்டுற காலத்துலயே ஒவ்வொரு மேட்சும் 72.4 சதவீதம் ஜெயிச்சாதான் அசல் தேறும். 120ன்னா 73.9 சதவீதம். ஓட்டையைக் கண்டுபிடிச்சு புத்தகம் போட்டா ஓட்டை அடைபடும். நம்ம தொழில்ல இதுக்கு பேட்ச் ரிலீஸ்னு பேரு. :-)

இப்போ தாம்பரத்துக்கு வருவோம்.

தாம்பரத்துல ரயில் ஏறினா சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. 1931லயே மின்சார ரயில் வந்த தடம் இது. எங்க பெரியப்பா தன்னோட முப்பது வயசுல ரேஸ் நாள் தவறாம இந்த ரயில்ல போனவர். கையில ரேஸ் புத்தகம், காதுல பென்சில். குதிரையோட அப்பா பேரு, அம்மா பேரு, போன தடவை எத்தனையாவது வந்துச்சு, இன்னைக்கு எந்த ஜாக்கி எல்லாம் தலைகீழா சொல்வார். எங்க பிறந்த நாள் மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்ததே இல்லை.

கிண்டியில குதிரைப் பந்தயம் 1777ல தொடங்கினதா சொல்றாங்க. நாட்டுலயே ரொம்பப் பழைய பந்தயத் திடல்கள்ல ஒண்ணு. மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது 1896ல. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. குதிரை உலகத்துல அவர் பேர் தெரியாத ஆள் கிடையாது, இந்த கிளப்போட தலைவராவும் ரொம்ப நாள் இருந்தார். 2015ல காலமானார்.

திடல்ல ரெண்டு விதமா பணம் கட்டலாம். ஒண்ணு புக்கிகிட்ட. அவன் சொல்ற விலைதான் கணக்கு. இன்னொண்ணு டோட். எல்லாரும் கட்டுற பணம் ஒரே பானையில விழும், வரியும் கமிஷனும் எடுத்துட்டு மிச்சத்தை ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. 1860கள்ல ஃபிரான்ஸ்ல ஜோசப் ஓலர்ங்கிறவர் ஆரம்பிச்சு வச்ச முறை. இந்தக் கணக்கைப் போடத் தானியங்கி மெஷின் முதல்ல வந்தது 1913ல, நியூசிலாந்தோட ஆக்லாந்து நகரத்துல. செஞ்சவர் ஜார்ஜ் ஜூலியஸ். அவர் முதல்ல அதை ஓட்டு எண்ணுற மெஷினாத்தான் யோசிச்சார். அரசாங்கம் வேண்டாம்னு சொன்னதும் குதிரை ரேஸுக்கு மாத்திட்டார். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே நிறைய கவுண்டர்ல விழுற பணத்தை ஒரே நேரத்துல கூட்டுன இயந்திரம். பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்கு ஒருவகையில தாத்தா முறை.

டோட்ல 'வின்' கட்டினா குதிரை முதல்ல வரணும். 'பிளேஸ்' கட்டினா, ஓடுற குதிரைகளோட எண்ணிக்கையைப் பொறுத்து முதல் ரெண்டு மூணு இடத்துக்குள்ள வந்தாலே போதும், ஆனா காசு கம்மி. 'ட்ரெபிள்'ல மூணு ரேஸ்லயும் ஜெயிக்கிற குதிரையைச் சொல்லணும். 'ஜாக்பாட்'ல அஞ்சு ரேஸ்.

இப்போ புரியுதா? பிளேஸோட தாராளத்தையும் ட்ரெபிளோட கண்டிப்பையும் ஒண்ணா சேர்த்துக் குழைச்சா அதுதான் டீசர். ஒவ்வொரு படியையும் சுலபமாக்கிட்டு, எல்லாப் படியையும் தாண்டணும்னு சொல்றது.

இதுல ஒரு வித்தியாசத்தையும் சொல்லிடணும். டோட் ஜாக்பாட்ல கமிஷன் ஒரே தடவைதான் போகும். புக்கிகிட்ட மூணு பந்தயத்தைக் கோத்துக் கட்டினா ஒவ்வொரு பந்தயத்துலயும் அவன் பங்கு உள்ளே உக்காந்திருக்கும், அது பெருகும். ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 10 அவன் பங்குன்னு வச்சுக்கோங்க. மூணைக் கோத்தா நூத்துக்கு 27 போயிடும், அஞ்சைக் கோத்தா 41 போயிடும்.

ஆனா என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது வேற கணக்கு. பெரியப்பா உண்மையிலேயே கெட்டிக்காரர், ஒவ்வொரு படியும் 70 சதவீதம் சரியா வரும்னு வச்சுக்குவோம் (குதிரை ரேஸ்ல யாராலயும் முடியாது, சும்மா வச்சுக்குவோம்). அஞ்சும் சரியா வர 17 சதவீதம்தான் வாய்ப்பு. சரியா நாலு மட்டும் வந்து ஒண்ணு தவற? 36 சதவீதம்! ஜெயிக்கிறதை விட "ஒத்தக் குதிரையில போச்சு"ங்கிறது ரெண்டு மடங்குக்கு மேல. மூணு படின்னா ஜெயிக்க 34, ஒண்ணுல மட்டும் தவற 44. ரெண்டு படி டீசர்லகூட ஜெயிக்க 49, ஒண்ணுல மட்டும் போக 42.

அதாவது "ஜஸ்ட் மிஸ்"ங்கிறது துரதிர்ஷ்டம் இல்லை. அந்தப் பந்தயத்தோட அமைப்பே அதுதான். அடிக்கடி வரப்போறது அதுதான். ஆனா நம்ம மூளைக்கு அது தோல்வியாத் தெரியாது, ஜெயிக்கப் போறதோட அறிகுறியாத்தான் தெரியும். "நாலு சரியா சொல்லிட்டேன், அடுத்த வாரம் அஞ்சு." பெரியப்பா இருபது வருஷம் சொன்ன டயலாக் இது.

கிண்டிக்குப் போய் விட்டதுகூட சம்பளத்தோட முடிஞ்சுபோச்சு. பின்னாடி ஊருக்குள்ளயே ஒரு கள்ள புக்கி கிடைச்சான். ரயில் டிக்கெட் மிச்சம், கடன் வேற கொடுப்பான். சேலையூர் பக்கம் பெரியம்மா நகையைப் போட்டு வாங்கின ஒரு மனை இருந்துச்சு. ஒரு நாள் அது இல்லை. பெரியம்மா கத்தல, அழல. அன்னைக்கு ராத்திரி எல்லாருக்கும் சாப்பாடு போட்டுட்டு, அவருக்கும் போட்டுட்டு, போய்ப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவர்கிட்ட பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாதுன்னு அம்மா சொல்வாங்க.

அரசாங்கம் சும்மா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை. 1974ல கருணாநிதி ஆட்சியில குதிரைப் பந்தயத்துல பணம் கட்டுறதை ஒழிக்கச் சட்டம் வந்துச்சு. கிளப் கோர்ட்டுக்குப் போச்சு, வழக்கு வருஷக்கணக்கா நடந்துச்சு, ரேஸும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. 1986ல எம்.ஜி.ஆர் ஆட்சியில கிளப்பையே அரசு எடுத்துக்க ஒரு சட்டம். கடைசியா 1996 ஜனவரியில லட்சுமணன் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. குதிரையோட வம்சம், பயிற்சி, ஜாக்கியோட திறமை எல்லாம் பார்த்துக் கணிக்கிறது முக்கியமா திறமை சார்ந்த விஷயம், அதிர்ஷ்டம் சார்ந்த சூதாட்டம் இல்லைன்னு சொல்லி 1986 சட்டத்தையும் ரத்து பண்ணிட்டாங்க.

பெரியப்பா அந்தத் தீர்ப்பைக் கடைசி வரைக்கும் மேற்கோள் காட்டுவார். "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சுடா, இது திறமைன்னு!"

தீர்ப்பு தப்புன்னு நான் சொல்ல வரல. ஒரு குதிரையைக் கணிக்கிறதுல திறமை இருக்கத்தான் செய்யுது. ஆனா திறமை இருக்குங்கிறதும் லாபம் இருக்குங்கிறதும் வேற வேற. எதிர்ல இருக்குறவனுக்கும் திறமை இருக்கு, அவனுக்குக் கமிஷனும் இருக்கு. வரி வேற தனி. ஜிஎஸ்டி வந்தப்போ 28 சதவீதம், 2025 செப்டம்பர்ல 40 ஆச்சு. இதையெல்லாம் தாண்டுற திறமை எங்க பெரியப்பாகிட்ட இல்லை. சூதுக்குன்னு வள்ளுவர் தனியா ஒரு அதிகாரமே ஒதுக்கினார், 94வது. அவரும் தோல்வியை விட ஜெயிக்கிறதைப் பார்த்துதான் முதல்ல எச்சரிக்கிறார்.

மிச்சக் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 2003ல தமிழ்நாட்டுல லாட்டரி போச்சு. கிண்டி நிலம் 160 ஏக்கர், 1945ல 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது, வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். எங்க ஏரியாவுல ஒரு பைக் நிறுத்தவே மாசம் அதை விட ஜாஸ்தி ஆகும்! 730 கோடி ரூபாய் வாடகை பாக்கியைக் கட்டச் சொல்லி 2023ல ஹைகோர்ட் உத்தரவு. 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி சீல் வச்சது, விஷயம் திரும்பவும் கோர்ட்டுக்குப் போச்சு. வெள்ளத்தைத் தடுக்க அந்த நிலத்துல குளங்கள் வெட்டினாங்க. வேளச்சேரியில மழைக்கு மாடி ஏறினவங்களுக்கு அதோட அருமை தெரியும். 2025 ஆகஸ்ட்ல பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும், திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்காம, மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். போன வாரம் எங்க டீம்ல ஒரு பையன், ரெண்டு வருஷ அனுபவம், கேண்டீன்ல டீ குடிக்கும்போது போனைக் காட்டினான். ஏதோ வெளிநாட்டு ஆப். நாலு கிரிக்கெட் மேட்ச் கோத்துக் கட்டியிருக்கான். "மூணு வந்துடுச்சுண்ணா, நாலாவது கடைசி ஓவர்ல போச்சு. ஜஸ்ட் மிஸ்."

நான் டிஷ்யூ பேப்பர்ல அந்த 36, 17 கணக்கைப் போட்டுக் காட்டினேன். பார்த்தான். "சூப்பர்ண்ணா" அப்படின்னான். மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டான். அப்புறம் மெதுவா, "ஒரு அஞ்சாயிரம் இருக்குமாண்ணா, ஒண்ணாம் தேதி தந்துடறேன்" அப்படின்னான்.

இல்லைன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்து சீட்டுல உக்காந்ததும் மனசு கேக்கல. சாயங்காலம் அவனைக் கூட்டிக்கிட்டு தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். கணக்கு எதுவும் பேசல. பெரியம்மாவோட மனையைப் பத்தி மட்டும் சொன்னேன். ரயில் வர்ற வரைக்கும் அவன் ஒண்ணும் பேசல. ஏறப் போகும்போது மட்டும் கேட்டான்: "அந்தப் பெரியம்மா இப்போ எப்படி இருக்காங்கண்ணா?"