பாசறையும் ஆகோளும்

போரில் காயம்பட்டவன் மாட்டுப் பண்ணைக்குத் திரும்புவான். ஒரு பெண்ணின் காதலில் தேறுவான். அமெரிக்கக் காதல் நாவல்கள் அலுக்காமல் சொல்லும் கதையாடல் இது. நமக்கும் புதுசில்லை. மேய்ச்சல் நிலமான முல்லையின் உரிப்பொருளான இருத்தல் என்பதே, போனவன் வரும்வரை பொறுத்திருப்பதுதான். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துத் தூங்காமல் கிடக்கிறான். ஆனால் தேரேறித் திரும்புகிறவன் அவன்தான். மாண்டவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் பிரதிக்குள் வரவில்லை.

அந்த மாண்டவர்களை நான் கல்லில் தேடுகிறேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழ்பிராமி நடுகற்களில் ஒன்று, 'கூடல் ஊர்' ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடு கவரும் சண்டை. லோயர் கேம்ப்புக்கு அடுத்திருக்கும் கூடலூரை நினைக்காமல் அந்தப் பெயரை என்னால் படிக்க முடியவில்லை (அதுவேதான் என்று அடித்துச் சொல்லவில்லை).

லோயர் கேம்ப் என்பதே பெரியாறு அணை வேலைக்காலத்து முகாமின் பெயர். அபிசீனியப் போருக்குப் (1867–68) போய்வந்த ராணுவப் பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இங்கே 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். சொத்தை வித்து அணையைக் கட்டினார்னு பள்ளத்தாக்கே சொல்லுது. ஆவணத்தால் நிறுவப்படாத இந்தக் கதைக்கும் காதல் நாவலின் இலக்கணம்தான்: போர்வீரன், தியாகம், பச்சைவயல். மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் செத்த அணைக்கூலிகளின் பெயர்களைக் கேட்டுப் பார்த்தேன்.

"அது யாருக்குத் தெரியும்?" என்றார்கள்.