சாகாஸ் இதயநோய்

டிரிபனோசோமா குரூசி என்ற ஓரணு ஒட்டுண்ணி இதயத் தசையில் குடியேறுவதால் உண்டாகும் நோய். உலக அளவில் ஒட்டுண்ணியால் இதயம் கெடுவது அரிது என்றே மருத்துவ நூல்கள் சொல்லும். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரையுள்ள ஏழை நாட்டுப்புறங்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. இன்று அறுபது, எழுபது லட்சம் பேரிடம் இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நோய் பழையது. வட சிலி, தென் பெரு பாலைநிலங்களில் கிடைத்த பதப்பட்ட உடல்களில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தையவற்றிலும், இந்த ஒட்டுண்ணியின் மரபணுத் தடயம் உண்டு.

மருத்துவம் இதை அறிந்துகொண்டது பிரேசிலில். 1907இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லசான்ஸ் என்ற சிற்றூருக்கு, ரயில்பாதைத் தொழிலாளர்களிடையே பரவிய மலேரியாவைக் கட்டுப்படுத்த இளம் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் அனுப்பப்பட்டார். மண்சுவர் வெடிப்புகளில் பகலில் ஒளிந்து, இரவில் தூங்குபவர்களின் முகத்தில் இரத்தம் உறிஞ்சும் பெரிய பூச்சி ஒன்றை ரயில்வே பொறியாளர் ஒருவர் அவருக்குக் காட்டினார். அதன் குடலில் சாகாஸ் கண்ட நுண்ணுயிருக்குத் தம் ஆசான் ஓஸ்வால்டோ குரூஸின் பெயரைச் சூட்டினார். 1909 ஏப்ரல் 14 அன்று, காய்ச்சலில் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியின் இரத்தத்திலும் அதே உயிரியைக் கண்டார். பொதுவாக நோயாளி கிடைத்த பிறகுதான் கிருமியைத் தேடுவார்கள். இங்கே பூச்சி, கிருமி, நோயாளி என வரிசையே தலைகீழ்.

பூச்சி கடிப்பதால் நோய் பரவுகிறது என்று சாகாஸ் எண்ணினார். கடித்த இடத்தருகே அது இடும் எச்சம், சொறியும்போது தோலுக்குள் புகுவதே வழி என்று பிரெஞ்சு ஆய்வாளர் எமில் புரும்ப்ட் 1912இல் காட்டினார். சாகாஸின் இன்னொரு பிழைக்கு விலை அதிகம். அப்பகுதியில் பரவலாக இருந்த முன்கழுத்துக் கழலையையும் அவர் இந்நோயின் கணக்கில் சேர்த்தார். கழலைக்குக் காரணம் அயோடின் குறைவு. அந்தக் கூற்று ஆட்டம் கண்டதும் நோயின் முக்கியத்துவமே ஐயத்துக்குள்ளாயிற்று. 1922–23இல் பிரேசிலின் தேசிய மருத்துவக் கழகத்தில் கடும் விவாதம் மூண்டது. 1922இலேயே யூரிகோ வில்லேலாவுடன் சேர்ந்து இதய வடிவத்தை அவர் சரியாக விவரித்திருந்தும், 1934இல் இறக்கும்வரை அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை.

மீட்சி பாம்புயி என்ற ஊரிலிருந்து வந்தது. 1940களில் அங்கே ஆய்வு நிலையம் அமைத்த எமானுவேல் டயஸ், இதய மருத்துவர் பிரான்சிஸ்கோ லாரஞ்சா ஆகியோர் கிராம மக்களுக்கு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். தொற்றுள்ளவர்களிடம் இதயத்தின் மின்கடத்தும் பாதை, குறிப்பாக வலக்கிளை, தடைபட்டிருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது.

தொற்றின் தொடக்கக் காய்ச்சல் தணிந்துவிடும். பலருக்கு அதுவும் தெரிவதில்லை. பிறகு பல ஆண்டுகள் அமைதி. தொற்றுள்ளவர்களில் 30 விழுக்காடு வரையானோருக்கு இதயப் பாதிப்பு தலைகாட்டும். ஓயாத அழற்சியால் தசை நாராகித் துடிப்பு ஒழுங்கு தவறும். இதயத்தின் நுனி மெலிந்து பலூன்போல் புடைக்கும். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று பக்கவாதம் தரலாம். நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரென இறப்பதும் உண்டு.

1991இல் தென் அமெரிக்காவின் தென்முனை நாடுகள் கூட்டாக வீடுகளில் பூச்சிமருந்து தெளிக்கத் தொடங்கின. முக்கியப் பூச்சியினத்தின் வழியான பரவலை உருகுவே 1997இலும் பிரேசில் 2006இலும் நிறுத்தின. ஆனால் கரும்புச் சாறு, அசாய்ப் பழச்சாறு வழியாகவும், இரத்ததானம் வழியாகவும், தாயிடமிருந்து சேய்க்கும் தொற்று வரும். புலம்பெயர்ந்தோருடன் அது ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது.

பென்ஸ்னிடசோல், நிஃபர்டிமாக்ஸ் என்ற பழைய மருந்துகள் இரண்டே உள்ளன. குழந்தைகளிடம் நன்கு பலிக்கின்றன. இதயம் கெட்ட பின் பென்ஸ்னிடசோல் கொடுத்தால் இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைகிறது, இதயநோயின் போக்கு மாறுவதில்லை என்று 2015இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எஞ்சுவது பேஸ்மேக்கர், முற்றிய நிலையில் மாற்று இதயம். மாற்று இதயத்தை உடல் ஒதுக்காதிருக்கத் தரும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால், உடலில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணி புதிய இதயத்தையும் தாக்கக்கூடும். அதனால் இந்நோயாளிகளை அறுவைக்குப் பின் தொடர்ந்து சோதிக்கிறார்கள்.