பத்து ரூபாய் பல்பும் பூஜ்ய மின்கட்டணமும்: தேர்தல் களத்தில் ஓர் எரிசக்தித் திட்டம்

பி.எம். சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம் என்பது, ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் தகடுகளைப் பொருத்துவதற்காக இந்திய அரசு 2024-இல் தொடங்கிய திட்டம். மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு தொடங்கி, பிரதமர் பதவிக்கு மூன்றாம் முறையாகக் களமிறங்கிய நரேந்திர மோடியின் கட்சித் தேர்தல் அறிக்கையிலும் அது இடம்பிடித்தது. தேர்தலில் நிற்கும் ஒருவர் நாடு முழுவதற்கும் முன்வைத்த தூய எரிசக்தித் திட்டம் என்று இந்தியாவில் எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கதை மாடியில் தொடங்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், புதுச்சேரி வீடுகளின் பல்பு ஹோல்டரில் தொடங்கியது.

2014 பிப்ரவரி. தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட இன்னும் ஒரு மாதம் இருந்தது. டெல்லியில் மன்மோகன் சிங் அரசு, புதுச்சேரியில் என். ரங்கசாமி அரசு. மத்திய மின்துறையின் கீழ் 2009-இல் உருவான எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், வீடுகளுக்கான எல்.இ.டி. பல்புத் திட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாகப் புதுச்சேரியில் நடத்திப் பார்த்தது. கரண்ட் பில்லைக் காட்டி, எரிகிற 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கொடுத்து, பத்து ரூபாய் கட்டினால் 7 வாட் எல்.இ.டி. பல்பு கையில் கிடைக்கும். வீட்டுக்கு மூன்று பல்புகள் வரை.

கணக்கு எளிது. ஒரு பல்பில் 53 வாட் மிச்சம். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 8 யூனிட். மூன்று பல்புக்கு 24 யூனிட். நூறு யூனிட் எரிக்கும் ஒரு குடும்பத்துக்கு இது கால் பங்கு. புதுச்சேரியின் மின்கட்டணப் பட்டியலில் ‘ஒரு குடிசை ஒரு விளக்கு’ என்று தனியே ஒரு வகையே உண்டு. ஒற்றை விளக்கு என்ன மாற்றம் தரும் என்பதை அந்த வகையில் வரும் வீட்டாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது கடையில் எல்.இ.டி. பல்பு நானூறு, ஐந்நூறு ரூபாய். மொத்தமாக வாங்கிய நிறுவனத்துக்கே முதல் கொள்முதலில் ஒன்று 310 ரூபாய் ஆனது. மக்கள் கொடுத்த பத்து ரூபாய் போக மீதியை யார் கட்டுவது? இதற்குக் கண்ட வழிதான் இந்தத் திட்டத்தின் உயிர். முதலீட்டை நிறுவனமே போட்டது. மின்துறை வெளியிலிருந்து வாங்க வேண்டிய மின்சாரம் குறையும்போது மிஞ்சும் பணத்திலிருந்து, வருடத் தவணையாக அந்த முதல் திரும்பியது. புதுச்சேரிக்கு இது பொருந்தி வந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே மின்வாரியம் கிடையாது, அரசின் மின்துறையே நேரடியாக விநியோகிக்கிறது. காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையத்தைத் தவிரச் சொந்த உற்பத்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. வாங்கி விற்கிற துறைக்கு, வாங்காமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டும் கையில் நின்ற காசு.

இதற்கு முன்னும் ஒரு முயற்சி நடந்தது. 2009-இல் வந்த ‘பச்சத் லாம்ப் யோஜனா’ 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். விளக்கு தந்தது. விலை வித்தியாசத்தை உலகச் சந்தையில் கார்பன் வரவுகளை விற்று ஈடுகட்டுவதாக ஏற்பாடு. அந்தச் சந்தை சரிந்ததும் திட்டமும் படுத்துவிட்டது. எல்.இ.டி. திட்டம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தது. வெளிநாட்டு விலை எதையும் நம்பாமல், உள்ளூர் மின்கட்டணக் கணக்குக்குள்ளேயே தன் செலவை அடைத்துக்கொண்டது.

2013 செப்டம்பர் 13 அன்று பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட மோடி, குஜராத்தின் சாரங்கா சோலார் பூங்காவைக் காட்டிப் பேச முடிந்தவர். 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான பாரதிய ஜனதா தேர்தல் அறிக்கை, தேசிய எரிசக்திக் கொள்கை ஒன்றை வகுப்பதாகவும், தேசிய சோலார் இயக்கத்தை விரிவாக்குவதாகவும் சொன்னது. ஆட்சிக்கு வந்தபின் முந்தைய அரசு தொடங்கிவைத்த பல்புத் திட்டத்தை ஒதுக்கிவிடவில்லை, நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றார். 2015 ஜனவரி 5 அன்று டெல்லியில் பிரதமரே அதைத் தொடங்கிவைத்தார். பின்னாளில் அதற்கு ‘உஜாலா’ என்று பெயர் வந்தது. நம் பக்கத்தில் அந்தச் சொல் முதலில் சொட்டு நீலத்தைத்தான் ஞாபகப்படுத்தும், ஆனால் இந்தியில் வெளிச்சம் என்று பொருள். டெல்லியில் பத்து ரூபாய் முன்பணம், மீதி மாதா மாதம் பில்லில் பத்துப் பத்து ரூபாய் என்று ஏற்பாடு மாறியது. கொள்முதல் பெருகப் பெருக விலை இறங்கியது. 310 ரூபாய் பல்பு 2016-இல் 55 ரூபாய்க்கு வந்து, பின்னர் 38 ரூபாயையும் தொட்டது.

77 கோடி குண்டு பல்புகளை மாற்றுவதே இலக்கு. திட்டத்தின் வழியே நேரடியாக விநியோகமானது 36.87 கோடி எல்.இ.டி. பல்புகள், ஏறக்குறையப் பாதி. ஆனால் விலை விழுந்தபின் மக்கள் தாமாகவே கடையில் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அரசின் மதிப்பீட்டில் ஆண்டுச் சேமிப்பு சுமார் 4,800 கோடி யூனிட். இந்த வெற்றியை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது என்ற வாதத்தைவிட, ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குக் கைமாறியும் ஒரு திட்டம் அறுபடாமல் தொடர்ந்தது என்பதே பெரிய செய்தி. நம் நாட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அமெரிக்காவிலும் இந்தத் தொடர்ச்சி எளிதாக வாய்க்கவில்லை. பராக் ஒபாமா அங்கே 2008 ஆகஸ்ட் 4 அன்று, வேட்பாளராக இருந்தபோதே, மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் பத்தாண்டுகளில் 15,000 கோடி டாலர் செலவிடும் எரிசக்தித் திட்டத்தை அறிவித்தார். 2015-க்குள் பத்து லட்சம் பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் என்ற வாக்கு நிறைவேறவில்லை. கார்பன் உமிழ்வுக்கு வரம்பு கட்டும் மசோதா 2009-இல் கீழவையில் தேறி, செனட்டில் நின்றுபோனது. ஜிம்மி கார்ட்டர் 1979-இல் வெள்ளை மாளிகைக் கூரையில் ஏற்றிய 32 சூரிய நீர்ச்சூடாக்கித் தகடுகள் ரொனால்ட் ரீகன் காலத்தில் இறக்கப்பட்டன. தலைவரின் கூரையில் வைத்ததை அடுத்த தலைவர் கழற்றிவிட முடிந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் மாட்டிய பல்பை அப்படிக் கழற்ற முடியாது.

மாடி சோலார் மட்டும் பல்பைப்போல ஓடவில்லை. 2015-இல் மோடி அரசு, 2022-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் சோலார், அதில் 40,000 மெகாவாட் கூரைகளில் என்று இலக்கு வைத்தது. 2022 முடிந்தபோது கூரைப் பங்கில் கால்வாசிகூட எட்டவில்லை. இந்தப் பின்னடைவிலிருந்துதான் சூர்ய கர் பிறந்தது. 2024 ஜனவரி 22 அன்று அறிவிப்பு, பிப்ரவரி 13 அன்று தொடக்கம், பிப்ரவரி 29 அன்று 75,021 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல், ஏப்ரல் 14 அன்று தேர்தல் அறிக்கையில் மின்கட்டணத்தைப் பூஜ்யமாக்கும் வாக்குறுதி. போட்டிக்கு நின்ற காங்கிரசும் தன் அறிக்கையில் பசுமை முதலீட்டுத் திட்டம் ஒன்றை வைத்திருந்தது.

‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். அரசு கணக்கிட்ட அடிப்படை விலையில் மூன்று கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய் ஆகிறது. மீதி 67,000 ரூபாயை வீட்டுக்காரர் போட வேண்டும், அல்லது குறைந்த வட்டியில் கடன் வாங்க வேண்டும். அதன்பின் மாதம் 300 யூனிட் அளவுக்குத் தன் கூரையே தருகிறது. இது நல்ல பேரம்தான். ஆனால் முதல் போட முடிந்தவருக்கு, அதுவும் சொந்த மாடி இருப்பவருக்கு. வாடகை வீட்டைக் காலி செய்பவர் பல்பைக் கழற்றி எடுத்துப் போகலாம், மாடியை எடுத்துப் போக முடியாது. புதுச்சேரியில் இன்னொன்றும் உண்டு. கட்டணத்தின் கீழ்ப்படிகளில் யூனிட் விலை குறைவு என்பதால், குறைவாக எரிக்கும் குடும்பத்துக்குப் போட்ட முதல் திரும்ப அதிக வருடம் பிடிக்கும். 2025 மார்ச்சில் நாடு முழுவதும் பத்து லட்சம் வீடுகள் சேர்ந்திருந்தன. இலக்கு 2027 மார்ச்சுக்குள் ஒரு கோடி.

2024 மக்களவைத் தேர்தலில் புதுச்சேரி தொகுதியில் பாரதிய ஜனதா நிறுத்தியவர், யூனியன் பிரதேசத்தின் மின்துறையையும் கையில் வைத்திருந்த அமைச்சர் அ. நமச்சிவாயம். ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. காங்கிரசின் வெ. வைத்திலிங்கம் 1.36 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

பல்புத் திட்டமும் மாடி சோலாரும் தொடாமல் விட்ட இடத்தைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி நகரின் வடமேற்கே மேட்டுப்பாளையத்துக்குப் போக வேண்டும். லாரி முனையமும், புதுச்சேரி அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான பிப்டிக்கின் தொழிற்பேட்டையும் உள்ள பகுதி. வரிசையாக ஷெட்டுகள், வெயில் நேராக விழும் ஷீட் கூரைகள். சோலார் தகடு பரப்ப இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கு மட்டுமே.

கூரைக்குக் கீழே இருப்பது இன்னும் பெரிய வாய்ப்பு. ஒரு பட்டறையின் 5 ஹெச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் தினம் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் ஓடுகிறது. 83 சதவீதத் திறனில் ஓடும் பழைய மோட்டாரை எடுத்துவிட்டு, 88 சதவீதம் தரும் ஐ.இ.3 என்ற உயர்திறன் வகையை மாட்டினால் வருடத்துக்குச் சுமார் 750 யூனிட் மிச்சம். புதுச்சேரி வீடு ஒன்று மூன்று பல்புகளில் மிச்சம் பிடித்ததைப்போல இரண்டரை மடங்கு, ஒரே மோட்டாரில். பல்பை வாங்கிய அதே பொதுத்துறை நிறுவனம் மோட்டார் மாற்றுத் திட்டமும் வைத்திருக்கிறது. சிறுதொழில்களின் மின்சிக்கன முதலீட்டுக்கு 5 சதவீதம் வரை வட்டி மானியம் தரும் ‘அதீதி’ திட்டத்தை மத்திய அரசு 2025 ஜூலையில் தொடங்கியது. ஆனாலும் சின்னப் பட்டறைகளில் மோட்டார் எரிந்தால் அது நேரே வைண்டிங் கடைக்குத்தான் போகிறது. காயில் கட்டி, மறுநாள் காலை பெல்ட் மாட்டி ஓட்ட வேண்டும், ஆர்டர் காத்திருக்கிறது. திறன் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி குறைந்தே திரும்புகிற அந்த மோட்டாருக்குப் பதிலாக, பத்து ரூபாய் பல்பைப்போலப் பழையதைக் கொடுத்துப் புதியதை அன்றே வாங்கிப் போகும் கவுன்டர் இன்னும் திறக்கப்படவில்லை.