லட்ச ரூபாய் ஸ்பீக்கர் உங்க வீட்டு ஹாலில் நல்லா ஒலிக்குமா? விலையா, ட்யூனிங்கா? வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு அந்த மைக் சத்தம் நினைவிருக்கும். கூட்டத்தின் ஆரவாரத்தையும் தாண்டி, வர்ணனையாளர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் தெருக்கோடி வரை புரியும். அதே ஸ்பீக்கரை வீட்டு ஹாலில் வைத்து ஒரு மெலடி பாட்டு போட்டால் பத்து நிமிடம் உட்கார முடியாது. காதைக் குத்தும்.

அது மோசமான ஸ்பீக்கர் என்று அர்த்தம் இல்லை. திறந்தவெளியில் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காகவே ட்யூன் செய்யப்பட்டது, அவ்வளவுதான். வீட்டுக்கு ஹைஃபை ஸ்பீக்கர் வாங்கும்போது பலரும் மறப்பது இதைத்தான். "விலை கூடினா சவுண்டும் கூடும்" என்று நம்பி போனஸ் பணத்தையும் போட்டு, மீதிக்கு இ.எம்.ஐ-யும் எடுத்து வாங்குகிறார்கள். வீட்டில் வைத்த பிறகு, கடையில் கேட்ட சத்தம் வரவில்லையே என்று விழிக்கிறார்கள்.

ட்யூனிங் என்றால் என்ன?

மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தவிலின் 'தொம்', பேஸ் கிட்டார் எல்லாம் கீழ்ப்பகுதி. குரல், வயலின், நாதஸ்வரத்தின் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. ஜால்ராவின் மினுமினுப்பு மேல்பகுதி. இதில் எது எவ்வளவு தூக்கலாக வர வேண்டும் என்று தயாரிப்பாளர் தீர்மானிப்பதுதான் ட்யூனிங்.

பொதுவாக மூன்று வகையாகச் சொல்லலாம். பேஸும் ட்ரெபிளும் தூக்கலாக, குரல் கொஞ்சம் பின்னால் இருப்பது ஒரு வகை. குத்துப்பாட்டுக்கு முதல் கேட்பிலேயே அசத்தும், ஆனால் இரண்டு மணி நேரம் கேட்டால் சிலருக்குத் தலை வலிக்கும். மேல்பகுதியை மென்மையாக்கி இதமாகக் கேட்க வைப்பது இரண்டாவது. எதையும் கூட்டாமல் குறைக்காமல், பதிவில் இருப்பதை அப்படியே தருவது மூன்றாவது. இதை 'ஃப்ளாட்' என்பார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்.எஸ் 3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்து, குரல் சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்க உருவான சின்னப் பெட்டி அது. அதில் பெரிய பேஸ் கிடையாது. ஆனாலும் குரல் இயல்பாக ஒலிப்பதால் இன்றும் அதைத் தேடி வாங்கும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

விலை ஏற ஏற தரமும் ஏறுமா?

ஒரு கட்டம் வரை ஏறும். விலை கூடும்போது பெட்டி கனமாகும், அதிர்வு குறையும். வூஃபர், ட்வீட்டர் தரம் உயரும். எந்த ஒலி எந்த யூனிட்டுக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் 'கிராஸ்ஓவர்' நல்ல பாகங்களால் செய்யப்படும். இதெல்லாம் காதுக்குத் தெரியும் மாற்றங்கள்.

அதற்கு மேல் போகும் பணத்தில் மர வேலைப்பாடு, பாலிஷ், பிராண்டு பெயர், இறக்குமதிச் செலவு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. அந்தக் கட்டத்தில் நீங்கள் வாங்குவது 'இன்னும் நல்ல' சத்தத்தை விட 'வேறு மாதிரி' சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கண்ணும் நம்மை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகப் பிரபலம். 40 பேரை வைத்து ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து ஒரு முறையும், கண்ணுக்குத் தெரியும்படி ஒரு முறையும் கேட்க வைத்தார்கள். ஸ்பீக்கரைப் பார்த்ததும் மதிப்பெண் மாறியது. மறைத்து வைத்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த செட், கண்ணுக்குத் தெரிந்ததும் கீழே இறங்கியது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் ஆடியோ நிறுவன ஊழியர்கள் என்பதுதான் இதில் ஹைலைட்.

உங்க ஹாலும் ஒரு ஸ்பீக்கர்தான்!

நம்ம ஊர் வீடுகளில் சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். கார்பெட்டும் சோஃபாவும் போட்ட ஷோரூமில் இதமாகக் கேட்டது, வீட்டில் கூர்மையாகக் கேட்பது இதனால்தான்.

பேஸ் விஷயம் இன்னும் சிக்கல். 10 அடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே இருந்தால், சுமார் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தானாகவே தூக்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் ஹால் 'கும்'மென்று அதிரும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கராக இருந்தாலும் இது நடக்கும். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பிரச்சினை இன்னும் அதிகமாகும்.

இதற்கு முதல் மருந்து செலவில்லாதது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். தடிமனான திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும். இப்போது சில ஆம்ப்ளிபயர்களில் மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதியும் இருக்கிறது. தூக்கலான பேஸை அது நன்றாகவே அடக்கும்.

ஸ்பெக்கில் எதைப் பார்க்கணும்?

சென்சிடிவிட்டி: ஒரு ஸ்பீக்கர் 89 டெசிபல், இன்னொன்று 83 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் அதே சத்தம் வர நான்கு மடங்கு பவர் வேண்டும். முதலாவதுக்கு 20 வாட்ஸ் போதும் என்றால் இதற்கு 80 வாட்ஸ். ஆக, ஆம்ப்ளிபயர் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

ஃப்ரீக்வென்சி: '40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பக்கத்தில் 'பிளஸ் மைனஸ் 3 டெசிபல்' என்று இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

வாட்ஸ்: பி.எம்.பி.ஓ எண்ணை நம்பவே வேண்டாம். ஆர்.எம்.எஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஸ்பினோரமா: ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் அளந்து போடும் வரைபடம் இது. பல மாடல்களுக்கு இணையத்திலேயே கிடைக்கும். கோடு பெரிய மேடு பள்ளம் இல்லாமல் சீராகப் போனால் நல்ல அறிகுறி.

கடையில் கேட்கும்போது...

✔ ஒரே அளவு சத்தத்தில் ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் 'பெஸ்ட்' என்று காது சொல்லிவிடும். செல்போனில் டெசிபல் ஆப் வைத்துச் சரிபார்க்கலாம்.

✔ கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டைப் போடச் சொல்லுங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கிறதா, நாதஸ்வரம் காதைக் குத்தாமல் வருகிறதா என்று கவனியுங்கள்.

✔ சத்தத்தைக் குறைத்தும் கேளுங்கள். ஒலி குறையும்போது நம் காதுக்கு முதலில் மங்குவது பேஸ்தான். ராத்திரி 10 மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் கேட்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

✔ கூட வந்தவரை ஸ்பீக்கரை மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். எது எவ்வளவு விலை என்று பிறகு தெரிந்துகொள்ளலாம்.

✔ குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். அசத்தும் சத்தமும், அலுக்காத சத்தமும் ஒன்றல்ல.

பணத்தை எப்படிப் பிரிக்கலாம்?

மொத்தத் தொகையையும் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட வேண்டாம். ஆம்ப்ளிபயர், ஸ்டாண்டு, திரைச்சீலை ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். தடிமனான சாதாரண செம்பு வயர் போதும், கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற இந்திய நிறுவனங்களின் ஸ்பீக்கர்களையும் பட்டியலில் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். சின்ன ஹாலுக்கு ஆளுயர டவர் ஸ்பீக்கரை விட ஒரு நல்ல புக்ஷெல்ஃப் ஜோடி பொருந்தலாம்.

பில் இல்லாமல் 'கம்மி ரேட்' என்று வரும் இறக்குமதி சரக்கில் வாரண்டி சிக்கல் வரும். ஜி.எஸ்.டி பில், இந்தியாவில் செல்லும் வாரண்டி கார்டு, வீட்டில் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்ற விவரம், இந்த மூன்றையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. இரண்டு ஜோடிகளுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டமாக இருக்கிறதா? யோசிக்காமல் விலை குறைந்ததை எடுங்கள். மிச்சமான பணத்தில் ஹாலுக்கு ஒரு கனமான திரைச்சீலை போடுங்கள். அந்த மாற்றம் காதுக்கு நிச்சயம் தெரியும்.