சீருடைக்குள் இருந்த மனிதர்: ஜேக்கப் வூசாவின் வீரம் யாருக்குச் சொந்தம்?



நினைவு நாளில் கூடும்போது நம் மண்ணின் போராளிகளைப் பேசுவதே நம் வழக்கம். இன்று தொலைதூரத் தீவு ஒன்றின் காவலரைப் பற்றிப் பேச இருக்கிறோம். ஆள்பவரின் சீருடையை அணிந்து ஆளப்படுபவர் காட்டிய வீரம் யாருக்குச் சொந்தம்? கோரேகான் தூணின் முன் நிற்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

தென் பசிபிக்கில் உள்ள சாலமன் தீவுகளை 1893இல் பிரிட்டன் தன் 'பாதுகாப்பின்' கீழ் கொண்டுவந்தது. தென்னந்தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள், பிறகு தலைவரி போட்டார்கள். இந்த ஆட்சியைக் காக்க ஓர் ஆயுதக் காவல்படை இருந்தது. அதன் அதிகாரிகள் வெள்ளையர்கள். காவலர்கள் தீவு மக்கள். 1927இல் மலைட்டா தீவில் வரி வசூலிக்கப் போன அதிகாரி வில்லியம் பெல் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க க்வாயோ மக்கள்மீது ஏவப்பட்ட படையில் இக்காவலர்களும் இருந்தனர். ஏறக்குறைய 60 க்வாயோ மக்கள் கொல்லப்பட்டனர். இதை மறைத்துவிட்டு அந்தச் சீருடையை நாம் கொண்டாட முடியாது.

குவாடல்கனால் தீவைச் சேர்ந்த வூசா 1916இல் இந்தப் படையில் சேர்ந்தார். 25 ஆண்டுகள் பணியாற்றி, சார்ஜன்ட் மேஜராக 1941இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே ஜப்பானியப் படை தீவில் இறங்கியது. வூசா திரும்பவும் பணிக்கு வந்தார். ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கியபின் அவர்களுக்கு ஒற்றறியும் வேலையை ஏற்றார்.

ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானியரிடம் சிக்கினார். அவரிடம் ஒரு சிறிய அமெரிக்கக் கொடி இருந்தது. மரத்தில் கட்டிவைத்து மணிக்கணக்கில் அடித்தார்கள். அமெரிக்க நிலைகளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தொண்டையிலும் வயிற்றிலும் துப்பாக்கிக் கத்தியால் குத்தி, செத்துவிடுவார் என்று விட்டுப் போனார்கள். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். இரத்தம் வழிய வழியக் காட்டைக் கடந்து அமெரிக்க முகாமை அடைந்தார். சிகிச்சைக்கு முன்பே, எதிரி வருகிற செய்தியைச் சொன்னார். அன்றிரவு தொடங்கிய தெனாரு சண்டையில் ஜப்பானியத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பிரிட்டன் ஜார்ஜ் பதக்கமும் அமெரிக்கா வெள்ளி நட்சத்திரமும் வழங்கின.

ஆங்கிலப் போர் வரலாறுகள் பெரும்பாலும் இங்கே நின்று, 'விசுவாசமான பூர்வகுடி' என்று பெயர் சூட்டிவிடும். நாம் இங்கே நிற்கக் கூடாது.

அதே போரில் ஆயிரக்கணக்கான தீவு மக்கள் தொழிலாளர் படையில் மூட்டை சுமந்தனர். மாதக் கூலி ஒரு பவுண்டு. அமெரிக்கர்கள் கூடுதலாகக் கொடுப்பதைக்கூடக் காலனிய அரசு தடுத்தது. அங்கே அவர்கள் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களைக் கண்டனர். அந்தப் படையிலும் நிறப் பிரிவினை இருந்தது. ஆனாலும் வெள்ளையரின் அதே உடையை அணிந்து, அதே உணவைச் சாப்பிட்ட கறுப்பரைக் கண்டது அவர்கள் மனத்தில் தீயை மூட்டியது.

அந்தத் தீயில் எழுந்ததுதான் 'மாசினா ரூரு' இயக்கம். மாசினா என்றால் சகோதரத்துவம். தோட்ட வேலையைப் புறக்கணித்தார்கள்; நியாயமான கூலியும் தங்களுக்கென ஒரு மன்றமும் கேட்டார்கள். குவாடல்கனாலில் அந்த இயக்கத்தின் பக்கம் நின்றவர்களில் வூசாவும் ஒருவர். 1947இல் மலைட்டாவில் தலைவர்களைக் கைது செய்த நடவடிக்கைக்கு அரசு வைத்த பெயர் 'பேன் ஒழிப்பு'. போரில் தோள் கொடுத்த மக்கள், உரிமை கேட்டதும் பேன்களாகிவிட்டார்கள்!

நமக்கும் இது நடந்தது. மகர் வீரர்களின் பெயர்களைத் தூணில் பொறித்த அதே ஆட்சி, 1890களில் மகர்களுக்குப் படையின் கதவை மூடியது. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் 1927இல் அந்தத் தூணின் முன் போய் நின்றார். தன் மக்களின் வீரத்தை அவர்களுக்கே மீட்டுத் தரும் செயல் அது.

வூசா 1950களில் குவாடல்கனால் மன்றத்தின் தலைவரானார். தீவுகள் விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1979இல் 'சர்' பட்டம் வந்தது. 1984இல் மறைந்தார். அவர் கடித்து அறுத்த கயிறு எதிரியுடையது மட்டும்தானா என்று யோசிப்போம். ஆள்பவர் தரும் பதக்கம் நம் வீரத்துக்குச் சாட்சியாக இருக்கலாம். உரிமைக்கு அது ஈடாகாது.

ஜெய்பீம்.