சீலியாக் ரிப்போர்ட் 'நெகட்டிவ்'னா நோய் இல்லைன்னு அர்த்தமா?

1/ "டாக்டர், சப்பாத்தி, பரோட்டா எல்லாம் நிறுத்தி ஆறு மாசமாச்சு. இப்போ டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். அப்போ எனக்கு சீலியாக் இல்லதானே?"

சட்டுனு 'இல்லை'ன்னு சொல்லிட முடியாது. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் வரலாறு பார்க்கணும். வாங்க.

2/ 1888. வயிறு உப்பி, கை கால் சூம்பி, வெளுத்த பேதி போகும் குழந்தைகளைப் பற்றி லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ எழுதினார். குணமாக வழி இருந்தா அது உணவுலதான்னும் சொன்னார். எந்த உணவுன்னு அவருக்குப் பிடிபடல.

3/ அதைப் பிடிச்சவர் நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமை மேல அவருக்கு முன்னாடியே சந்தேகம். 1944-45 குளிர்காலத்துல அங்கே கொடும் பஞ்சம், ரொட்டிக்கே வழியில்லை. ஊரே வாடுது, ஆனா சீலியாக் குழந்தைகள் தேறினாங்க! ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பிச்சு. 1950ல் ஆய்வேடாவே எழுதிட்டார். குற்றவாளி கோதுமையில் இருக்கும் குளூட்டன் புரதம்.

4/ அப்புறம் குடல் சதையை எடுத்துப் பார்த்தாங்க. 1980கள்ல குரங்கின் உணவுக்குழாய்த் துண்டு மேல நோயாளியின் ரத்தத்தை வச்சு, ஆன்டிபாடி ஒட்டுதான்னு மைக்ராஸ்கோப்ல பார்க்கும் டெஸ்ட் வந்தது. அது எதுமேல ஒட்டுதுன்னு ஜெர்மனியில் 1997ல் கண்டுபிடிச்சாங்க: நம்ம உடம்போட சொந்த நொதியான டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ். உங்க ரிப்போர்ட்ல இருக்கும் 'டிடிஜி ஐஜிஏ' அதுக்கு எதிரான ஆன்டிபாடிதான்.

5/ இப்போ ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

• குளூட்டன் சாப்பிட்டாதான் இந்த ஆன்டிபாடி உருவாகும். நிறுத்தினா மெல்ல இறங்கிடும். அதனால நிறுத்தின பிறகு வரும் நெகட்டிவை நம்ப முடியாது.
• மொத்த ஐஜிஏ அளவையும் பாருங்க. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ இருக்காது. நோய் இருந்தாலும் டிடிஜி ஐஜிஏ நெகட்டிவ்னு காட்டும். அவங்களுக்கு ஐஜிஜி வகை டெஸ்ட் வேணும்.
• லேசா கூடியிருந்தா மட்டும் நோய்னு முடிவு கட்டாதீங்க. பெரியவங்களுக்குப் பொதுவா எண்டோஸ்கோப்பி செஞ்சு, சதை எடுத்து உறுதி செய்வோம்.

6/ அரிசி தின்னும் நம்ம பக்கம் இது பஞ்சாப் அளவுக்கு இல்லை. அதுக்காக இல்லவே இல்லைன்னு நினைக்காதீங்க. ஆறாத ரத்தசோகை, வளராத குழந்தை, தீராத பேதி இருந்தா கேளுங்க.

7/ ஒரே ஒரு வேண்டுகோள்: முதல்ல டெஸ்ட், அப்புறம் பத்தியம். சீலியாக் உறுதியானா அந்தப் பத்தியம் ஆயுசுக்கும். சும்மா சந்தேகத்துல ஆரம்பிக்கற விஷயமில்லை அது.