சேசு சபையிலிருந்து இயேசு சபைக்கு: 1980-இல் பள்ளி முடித்த ஒரு வகுப்பின் குறிப்புகள்

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978-இல் அறிமுகமானது. அதன் முதல் பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அத்தேர்வை எழுதி வெளியேறியவர்கள் நாங்கள். எங்களுக்கு மூத்தவர்கள் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை முடித்து, புகுமுக வகுப்புக்காகக் கல்லூரிப் படியேறினார்கள். நாங்களோ ஆறாம் வகுப்பில் நுழைந்த அதே வளாகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழாண்டுகள் இருந்தோம். நெல்லைச் சீமையில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய ஆண்கள் பள்ளி அது. பெயர் இங்கே தேவையில்லை. அக்காலத்தில் அதைப் போன்ற பள்ளிகள் தென்மாவட்டங்களில் பல இருந்தன. எங்கள் அனுபவத்தில் அவற்றுக்கும் பொதுவானவை நிறைய உண்டு என்பதாலேயே இதை எழுதத் துணிகிறோம்.

பள்ளி நினைவுகள் என்றதும் மாதா கெபியும், நண்பகல் திரிகால மணியும், பிரம்பும், கால்பந்தும் வரிசையாக வந்து நின்றுவிடும். அவற்றை எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. எங்கள் ஏழாண்டுகளில் மூன்று மாற்றங்கள் ஒருசேர நடந்தன. பள்ளியின் அமைப்பு மாறியது, கோயிலின் மொழி மாறியது, தமிழ் எழுத்தின் வடிவமே மாறியது. இவற்றோடு மாறியிருக்க வேண்டிய நான்காவது ஒன்றும் உண்டு. அது மாறவில்லை.

*

இயேசு சபையினர் பள்ளி நடத்தத் தொடங்கியது 1548-இல், சிசிலித் தீவின் மெசினா நகரில். அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு, 1599-இல், தங்கள் கல்விமுறை முழுவதையும் ஒரு விதிநூலாக வகுத்துக்கொண்டார்கள். எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது, எப்படித் தேர்வு வைப்பது, பரிசுகளை எவ்வாறு வழங்குவது என்பதெல்லாம் அதில் உண்டு. மாணவர்களை உரோமர் அணி, கார்த்தேஜ் அணி எனப் பிரித்து மோதவிடுவது அக்காலப் பள்ளிகளின் வழக்கம். எங்கள் வகுப்பில் உரோமரும் இல்லை, கார்த்தேஜியரும் இல்லை. ஆனால் மாதந்தோறும் தலைமையாசிரியர் நேரில் வந்து தரவரிசையை உரக்க வாசித்ததும், முதல் மூவர் எழுந்து நின்றதும் அந்தப் பழைய விதிநூலின் தொலைதூர எதிரொலிதான் என்பது பின்னாளில் படித்தபோது விளங்கிற்று.

இந்தச் சபையைத் திருத்தந்தை 1773-இல் கலைத்தார். 1814-இல் அது மீட்டெடுக்கப்பட்டது. 1838-இல் பிரெஞ்சுத் துறவிகள் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பி வந்தார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923-இல் வந்தது. எங்கள் காலத்தில் பிரெஞ்சு முகங்கள் மறைந்துவிட்டன. குருக்கள் எல்லோரும் தமிழர்களே. ஆனாலும் விடைத்தாளின் நெற்றியில் 'ஏ.எம்.டி.ஜி.' என்று எழுதும் பழக்கம் நீடித்தது. 'இறைவனின் மேலான மகிமைக்காக' என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. இந்து நண்பர்கள் அதற்கு மேலே ஒரு பிள்ளையார் சுழியையும் போட்டுவைப்பார்கள். திருத்தும் ஆசிரியர் இரண்டையும் தொடாமல் கீழே மதிப்பெண்ணை மட்டும் இடுவார்.

*

எங்களில் கத்தோலிக்கராய்ப் பிறந்தவர்கள் இரண்டு தமிழில் வளர்ந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. நாங்கள் பிறந்ததும் அந்த ஆண்டுகளையொட்டியே. அதன்பின் இலத்தீன் வழிபாடு தமிழுக்கு வந்தது. அது எந்தத் தமிழ் என்ற கேள்வியும் கூடவே வந்தது. வீட்டில் பாட்டி சொன்ன செபங்களில் 'இஸ்பிரீத்து சாந்து' இருந்தார். அவர் போர்த்துக்கீசியரின் கப்பலில் வந்தவர். பள்ளிக் கோயிலில் அவர் 'பரிசுத்த ஆவி'யாகி, பிறகு 'தூய ஆவி'யானார். 'அர்ச்சியசிஷ்ட' அந்தோணியார் 'புனித' அந்தோணியாரானார். சம்மனசுகள் வானதூதர்களாயினர். பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. 'சேசு' மெல்ல மெல்ல 'இயேசு'வானார், சேசு சபை இயேசு சபையாயிற்று. தனித்தமிழ் இயக்கம் மேடைகளில் செய்ததை, ஆரவாரமின்றி, செபப் புத்தகங்கள் செய்துகொண்டிருந்தன. ஆனால் பாட்டிமார் கடைசிவரை பழைய சொற்களிலேயே வேண்டிக்கொண்டார்கள். அச்சொற்களின் கனம் புதியவற்றுக்கு இன்னும் வரவில்லை என்று எங்களில் சிலர் இன்றும் கருதுகிறார்கள்.

எழுத்து மாற்றம் 1978-இல் வந்தது. பெரியார் பரிந்துரைத்து, தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு அவ்வாண்டு ஏற்று ஆணையிட்டது. மாறியவை 13 எழுத்துகள். யானைத் துதிக்கை போல் முன்னால் வளைந்த கொம்புடைய பழைய 'லை', 'னை' முதலியவற்றை ஐந்து வயதில் பழகிய கைகள், பதினைந்து வயதில் புதியதைப் பழகின. எங்கள் பதினொன்றாம் வகுப்புக் குறிப்பேடுகளில் ஒரே பக்கத்தில் இரு வடிவங்களும் கிடக்கும். தமிழாசிரியர் அப்போது எங்களுக்கு வீரமாமுனிவரை நினைவூட்டினார். 1710-இல் இந்தியா வந்த அந்த இத்தாலியத் துறவி, எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தறிய இன்று நாம் எழுதும் வடிவங்களைத் தந்தவர். தேம்பாவணியின் 3615 பாடல்களை யாத்தவரும் அவரே. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-இல். சரியாக நானூறு ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் புதிய 'லை' எழுதப் பழகினோம். ஒரு மொழியின் எழுத்து இத்தனை எளிதாக மாறக்கூடியது என்பதை நேரில் கண்ட வகுப்பு எங்களுடையது.

*

இனி மாறாத நான்காவதைப் பற்றி.

சீருடை எங்களை ஒன்றுபோல் காட்டியது. விடுதியில் ஒரே பந்தி, ஒரே சோறு. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். அக்காலத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் விடுமுறைக்கு ஊர் திரும்பியதும், திருவிழாச் சப்பரம் தன் தெருவுக்குள் மட்டும் திரும்பாததை எங்கள் நண்பர்களில் சிலர் பார்த்தார்கள். தமிழகத்தில் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில்கூட சாதி பிரிக்கும் சுவர் இருந்தது.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1872-இல் அவ்வூரில் எழுந்த ஆலயம் இரண்டு கிளைகளாகப் பிரிந்த வடிவம் கொண்டது. வேளாளர் ஒரு கிளையிலும் நாடார் மற்றொரு கிளையிலும் அமர்வதற்கென்றே அப்படிக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, மக்கள் இரண்டு. அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது 1910-இல். அதே வடக்கன்குளத்தின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில்தான் 1940-களின் தொடக்கத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்தபோது, தனிநாயகம் அடிகள் ஒரு பண்டிதரிடம் முறையாகத் தமிழ் கற்றார். பின்னர் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்தியவர் அவர். ஒரே ஊர் இரண்டையும் தந்திருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளிகளைப் புகழ்ந்து எழுதுவோர் பின்னதை மட்டும் எழுதுகிறார்கள், பழிப்போர் முன்னதை மட்டும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே நேர்மை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் வகுப்பில் இது வெளிப்பட்டது 1980-இல், மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நாளில். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு உரியது. அது 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவருக்கு விரிவாக்கப்படவில்லை. தமிழகத்தில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே சான்றிதழில் மதத்துக்கு எதிரே இருக்கும் ஒரு சொல், கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் முடிவு செய்தது. ஒரே தெருவில், ஒரே சேரியில் பிறந்த இருவரில் ஒருவனுக்குக் கிடைத்தது மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் நண்பர்களில் சிலருக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. கோயில் பதிவேட்டில் ஒன்று, அரசுப் பதிவேட்டில் மற்றொன்று. ஊரில் கிறித்தவர் அவர்களைத் தலித் என்றார்கள், அரசு அவர்களைக் கிறித்தவர் என்றது. இரண்டு பக்கத்திலும் இழப்பு அவர்களுக்கே. ஏழாண்டு மறைக்கல்வி வகுப்பிலும் நன்னெறி வகுப்பிலும் எங்களுக்கு இதைப்பற்றி ஒரு மணி நேரம்கூடப் பாடம் நடந்ததில்லை.

இதில் வியப்பளிப்பது ஒன்று உண்டு. நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அதே 1973-இல், சபை கலைக்கப்பட்டு இருநூறு ஆண்டுகள் நிறைந்த அவ்வாண்டில், அதன் உலகத் தலைவர் பேத்ரோ அருப்பே ஸ்பெயினின் வலென்சியா நகரில் முன்னாள் மாணவர் மாநாட்டில் உரையாற்றினார். உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்திருக்கிறோமா என்று அவர் கேட்டார். இல்லை என்று தாமே விடையும் சொன்னார். வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்திருந்த அவையில் அது இனித்திருக்காது. தனக்கென வாழாமல் பிறருக்கென வாழும் மனிதர்களை உருவாக்குவதே இனி எம் கல்வியின் நோக்கம் என்றார் அவர். அந்த உரை உலகெங்கும் இயேசு சபைப் பள்ளிகளின் போக்கைத் திருப்பியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை. புதிய செபங்கள் வந்து சேர்ந்தன, புதிய எழுத்துகள் வந்து சேர்ந்தன, அந்தக் கேள்வி மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

அது பிறகு வந்தது, பள்ளி வழியாக அல்ல, இலக்கியம் வழியாக. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது எங்களுக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் குரல் அது. பனைமட்டையின் இருபுறப் பற்களைத் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தலைப்பின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களில் சிலர் அதைப் படித்து, திருச்சபையை இழிவுபடுத்துகிறது என்று சினந்தார்கள். வேறு சிலர் அதை வாசித்த இரவில்தான் பக்கத்து இருக்கையில் ஏழாண்டுகள் அமர்ந்திருந்தவனைப் புரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். திருச்சபையும் பின்னர் பேசியது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமையைக் கண்டித்தார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. 1950-ஆம் ஆண்டின் ஆணையால் விடுபட்டவர்களின் கோரிக்கையை ஆராய நடுவண் அரசு 2022-இல் ஓர் ஆணையத்தை அமைத்தது.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்பள்ளிக்கு நாங்கள் கடன்பட்டவர்களா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வோம். எங்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள். நூலகத்தை மாலை ஆறு மணிவரை திறந்துவைத்த பள்ளி அது. புதுமைப்பித்தனையும் கல்கியையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தது. ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் எழுதக்கூடாது, சொன்னதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்ததே. இக்கட்டுரையில் அப்பள்ளியைப் போன்றவற்றின் மீது நாங்கள் வைக்கும் விமரிசனத்துக்கான கருவியும் அங்கே கிடைத்ததுதான்.

வெளியேறும் வகுப்புகள் தம் பள்ளிக்கு நன்றி சொல்லிப் பழகியவை. நன்றியும் கேள்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அருப்பே 1973-இல் செய்தது பள்ளியே தன் மாணவர் முன் நின்று கணக்குக் காட்டியதாகும். அதற்கு மறுமொழியாக மாணவர்களும் கணக்கெழுத வேண்டும். 13 எழுத்துகளை மாற்ற ஓர் அரசாணையும் சில மாதப் பயிற்சியும் போதுமாயிருந்தன. சேசு இயேசுவாக ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. சப்பரம் எல்லாத் தெருக்களுக்குள்ளும் திரும்புவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது இன்று அந்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.